கலை வாரமும் கூவுகிற மைக்கும்

ஒலிபெருக்கி கட்டிப் பிழைத்தவனுக்கு எந்த விழாவும் முதலில் காதில்தான் படும். மேடைச் சோடனை, வரவேற்பு வளைவு எல்லாம் பிறகு. கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம், கல்யாண வீடு, செத்த வீடு என்று திருகோணமலையில் நான் குழாய் கட்டாத ஒழுங்கை குறைவு. இப்போது ஒலிபெருக்கி செற்றை மகன் பார்க்கிறான். நான் சனத்தோடு சனமாகக் கதிரையில் இருந்து விழா பார்க்கிறேன். ஆகவே இந்த வருடக் கலை வாரத்தைப் பற்றி நான் எழுதுவதில் பாதி சத்தத்தைப் பற்றித்தான் இருக்கும். அடவும் ராகமும் தெரிந்து விமர்சிக்கக்கூடியவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அதை அவர்கள் எழுதட்டும்.

அடுத்த முறை போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். எல்லாம் இலவசம். கலைஞர்களைத் தெரிந்தெடுத்தவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கிறது. பரதம், கர்நாடக இசை, பொல்லடி, வடமோடிக் கூத்து, கண்டிய மேளம், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரின் பைலாப் பாட்டு என்று இந்த மாவட்டத்து ஆட்களின் எல்லாக் கலையையும் ஒரே வாரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் காசைச் செலவழித்தவர்களுக்குக் காது இல்லை. மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு எல்.இ.டி. திரை, முன்வரிசைக்கு மெத்தைக் கதிரை, ஒலிக்கு மட்டும் ஆகக் குறைந்த விலை கேட்டவர். தொழில் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்கிறவர்கள் நினைக்கலாம். மகன் இந்த வேலைக்கு விலையே போடவில்லை.

தொடக்க நாள் நகரத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. அழைப்பிதழில் ஐந்தரை மணி. பிரதம விருந்தினர் வரும்வரை வாசலில் ஒரு பக்கம் நாதஸ்வரமும் தவிலும், மறுபக்கம் கண்டிய மேளக்காரரும் நின்றார்கள். கார் வந்ததும் இரண்டு பகுதியும் ஒரே நேரத்தில் தொடங்கியது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நிமிடம் எனக்குப் பிடித்தது. மைக் இல்லாமல் மண்டபத்தின் பின்சுவர்வரை அதிர்ந்த சத்தம் அன்று அது ஒன்றுதான்.

அப்புறம் மங்கல விளக்கு, தேசிய கீதம், நான்கு மதத்து ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை. திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஆடை கட்டி, தலைசாமான் வைத்து, சின்னப் பிள்ளைகள் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தாய் கைவிசிறியால் வரிசையாக எல்லாப் பிள்ளைக்கும் விசிறினார். அவருக்கும் ஒரு பொன்னாடை போட்டிருக்கலாம்.

மண்டபம் தகரக் கூரை, சீமெந்துச் சுவர், கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை கிடையாது. இப்படியான இடத்தில் ஒரு சொல் தேயுமுன் அடுத்த சொல் அதன் மேல் ஏறிவிடும். விளங்கவில்லை என்று சனம் முறையிடும், செற்காரப் பொடியன் சத்தத்தைக் கூட்டுவான், கூட்டக் கூட்ட இன்னும் விளங்காது. செய்யவேண்டியது நேர் எதிரானது: சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரைச் சனத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் கீழ்நோக்கிச் சரித்து வைக்கவேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. மத்தியானம் வெறும் மண்டபத்தில் சரிபார்த்த அளவு இரவு பொருந்தாது. நூற்றுக்கணக்கான உடம்பும் உடுப்பும் மேல்சத்தத்தைக் குடித்துவிடும், அடிச்சத்தம் மட்டும் மிஞ்சி உறுமும்.

நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் எல்லாம் நேரடி இசை. ஒலிப்பதிவைப் போட்டு ஆடவிடுகிற காலத்தில் அதற்கே ஒரு கும்பிடு. ஆனால் மிருதங்கத்து மைக்கை, அடிச்சத்தம் வருகிற அதன் தொப்பிப் பக்கத்தோடு ஒட்டி வைத்ததில் பிள்ளைகளின் சலங்கை கடைசிவரை கேட்கவில்லை. சலங்கை கேட்காத பரதத்தில் கண்ணுக்கு மட்டும்தான் வேலை. பொறுக்காமல் எழும்பிச் செற்காரப் பொடியனிடம் போனேன்.

"தம்பி, மிருதங்கத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ. மேடை விளிம்பில ஒரு மைக்கை நிலத்தோட வையுங்கோ, கால் கேட்கட்டும்."

"ஐயா, முன்வரிசையில இருக்கிறவங்க இன்னும் கூட்டச் சொல்றாங்க."

அவனில் பிழை சொல்ல மாட்டேன். காசு கொடுக்கிறவர் முன்வரிசையில் இருக்கிறார். அடுத்த உருப்படிக்கு ஒரு மைக்கை நிலத்தில் வைத்தான், அதுவே பெரிய காரியம். தில்லானாவில் சலங்கை கேட்டது. அந்த நடன ஆசிரியை எந்தப் பிள்ளையையும் முன்னுக்குத் தள்ளாமல் எல்லாருக்கும் ஒரே அளவு மேடை கொடுத்ததையும் சொல்லவேண்டும்.

அடுத்த நாள் டச்சுக் குடா கடற்கரையில் மெல்லிசை. இதை விரைவாகக் கடந்துவிடலாம். சனம் நிறைய, பிள்ளைகள் மணலில் உருண்டார்கள், பாடிய பொடியன்களில் ஒருவனுக்கு நல்ல குரல். மேடையைக் கடலுக்கு முதுகு காட்டி வைத்திருந்தார்கள், படம் வடிவாக வருமாம். இது மேற்கிலிருந்து கச்சான்காற்று வீசுகிற காலம். காற்று சனத்தின் முதுகுப் பக்கமிருந்து மேடையை நோக்கி அடித்தது. எதிர்க்காற்றில் சத்தம் மேலே வளைந்து தலைக்கு மேலால் போய்விடும். பின்னால் கேட்கவில்லை என்று இரண்டு ஸ்பீக்கரைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு நட்டார்கள். 34 மீட்டர் தூரம் போகச் சத்தத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி வேண்டும். பின் ஸ்பீக்கருக்கு அந்தத் தாமதத்தைக் கொடுக்கவேண்டும், இப்போது வருகிற மிக்சரில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. யாரும் அமத்தவில்லை. ஆகவே பின்வரிசைக்காரருக்கு ஒவ்வொரு பாட்டும் இரண்டு தரம் கிடைத்தது. கோட்டைப் பக்கத்து மான்கள் வழக்கம்போல வந்து, வரவேற்பு வளைவில் கட்டியிருந்த வாழையிலையைத் தின்றுவிட்டுப் போயின. அன்றைய விருந்தினரில் உரையாற்றாதவர்கள் அவை மட்டும்தான்.

கிண்ணியா இரவு வேறு மாதிரி. அந்த நீளப் பாலம், 396 மீட்டர், 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முந்தி பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். ஸ்பீக்கர் பெட்டியையும் பற்றரியையும் பாதையில் ஏற்றி, தறப்பாளால் மூடி, உப்புத்தண்ணி படாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு போன நாட்கள் உண்டு. இப்போது மோட்டார்சைக்கிளில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போய் இறங்கலாம்.

நிகழ்ச்சி இரவு இஷாத் தொழுகை முடிந்ததும் என்று சொன்னார்கள். முடிந்ததும் தொடங்கியது. வாரம் முழுக்க நேரத்துக்குத் தொடங்கிய ஒன்றிரண்டில் இதுவும் ஒன்று. தொழுகை விட்டதும் சனம் நேரே வந்து இருந்துவிட்டது, அதற்குப் பிறகு யாருக்காகவும் காத்திருக்க வழியில்லை.

பொல்லடி பார்த்திராதவர்களுக்கு: ஆண்கள் வட்டமாக நின்று, கைக்கு ஒன்றாக இரண்டு பொல்லுப் பிடித்து, பாடிப் பாடி ஆடுவார்கள். பக்கத்தில் நிற்பவனின் பொல்லோடு தட்டி, திரும்பி, குனிந்து, மறுபக்கத்தானோடு தட்டி, வட்டத்துக்குள் பின்னிப் பின்னிப் போவார்கள். ஆட்டத்தை நடத்துகிறவரை அண்ணாவியார் என்பார்கள், எங்கள் கூத்தில் சொல்வது போலத்தான். தாளம் மெல்ல மெல்ல ஏறும். கடைசியில் பொல்லுகள் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான். ஒருவன் அரைத்தட்டுப் பிந்தினால் இன்னொருவனின் விரல் உடையும். அன்று யாருக்கும் உடையவில்லை. ஆடியவர்களில் ஒருவர் பகலில் மீன் விற்கிறவர், சந்தையில் கண்டிருக்கிறேன். அவருடைய கால் அவ்வளவு லேசானது என்று அங்கே யாருக்குத் தெரியும்?

தொடங்கமுன் அந்த அண்ணாவியாரிடம், "நானா, நடுவில ஒரு மைக் தொங்கவிடச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"பாடுறவருக்கு ஒண்டு போதும் தம்பி. பொல்லுக்கு வேணாம்."

என்னைத் தம்பி என்று கூப்பிட ஊரில் இன்னும் ஆள் இருக்கிறது. அவர் சொன்னது சரி. காய்ந்த பொல்லின் தட்டு சட்டென்று எழும்பிச் சட்டென்று நின்றுவிடும், இழுவை கிடையாது. திறந்த வெளியில் அதை மைதானத்தின் மறுகரையிலும் கேட்கலாம். ஸ்பீக்கருக்குள் விட்டால் தகரத்தில் கல் எறிந்தமாதிரி வரும். பிறகு றபான் என்ற கைப்பறையைத் தட்டி, பைத் என்ற இஸ்லாமியப் பாட்டுகளைப் பாடினார்கள். ஒரே ஒரு மைக், கொஞ்சம் தள்ளி. வயதானவர் ஒருவரின் குரலில் இருந்த கரகரப்புக்கூடத் தெளிவாகக் கேட்டது. வாசலில் விற்ற வட்டிலப்பம் தேங்காய்ப்பால் குறைவு, சீனி கூட. அதை மட்டும் தவிர்க்கலாம்.

நடுவில் ஒரு நாள் பகல் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் ஓவியமும் பழைய படங்களும் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வரைந்ததில் முக்கால்வாசி சுவாமி மலையும் கோணேசர் கோயிலும் தோணியும். ஒரு பெண்பிள்ளை மட்டும் பஸ்ஸின் உள்பக்கத்தை வரைந்திருந்தாள்: மேல்கம்பியில் தொங்கும் கைகள், ஒரு மீன் பை, தூங்குகிற நடத்துனர். பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. பழைய படங்களில் துறைமுகமும் கப்பல்களும் நல்ல தெளிவு, ஆனால் பலவற்றின் கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டதையும், உப்புவெளிப் போர்க்கல்லறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆசிரியர் ஒருவரை நிற்பாட்டியிருக்கலாம்.

இனி கூத்து. வாரத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் போகமுடியும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், இதற்குத்தான் அனுப்பியிருப்பேன்.

மூதூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட மைதானம். முன்பெல்லாம் நகரத்து ஜெட்டியில் லாஞ்சி ஏறி மூதூர் போய், அங்கிருந்து இன்னும் போகவேண்டும். இப்போது முழுக்கத் தரைவழிதான். கூத்தின் இரண்டு பாணிகளில் ஒன்றான வடமோடி, கர்ணன் கதை. நகரத்தில் மேடை போட்டு ஆடும்படி ஏற்பாட்டுக்காரர் முதலில் கேட்டார்களாம். அந்த ஊர் அண்ணாவியார், எங்கள் களரியில் என்றால் ஆடுவோம் என்று சொல்லிவிட்டாராம். அந்த மனுசன் கெட்டிக்காரர்.

ஏனென்றால் கூத்து வட்டக்களரிக்குப் பிறந்தது. சனம் நாலு பக்கமும் சுற்றி இருக்கும், ஆடுகிறவன் நாலு பக்கத்துக்கும் ஆடவேண்டும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவர்களை வைத்து இதைச் சுருக்கி, ஒருபக்க மேடைக்கு ஏற்றி, படித்த சனத்தின் முன்னால் வைத்தார். கர்ணன் போர் 1962இல் மேடையேறியது. விடிய விடிய ஆடியதை இரவுச் சாப்பாட்டுக்கு முன் பார்த்துவிட்டுப் போகும்படி ஆக்கியது அந்த முயற்சிதான், அதனால்தான் கூத்துக்கு ஒரு மதிப்பும் வந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மேடையோடு கூடவே நிறுத்தி வைத்த மைக்கும் வந்தது. கூத்தில் ஆடுகிறவனே பாடவும் வேண்டும். நகரத்து மேடைகளில் நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்: அர்ச்சுனன் சுழன்று சுழன்று ஆடி வருவான், தரு என்ற பாட்டுத் தொடங்க மைக்குக்கு ஓடுவான், கூடைபோல விரிந்த கரப்புடுப்பு கம்பத்தில் முட்டும், நின்று பாடுவான், பிறகு திரும்பி ஓடி ஆடுவான். அது கூத்தாகவும் இராது, கச்சேரியாகவும் இராது.

இங்கே ஆட்டக்காரருக்கு மைக்கே இல்லை. களரியின் ஓரத்தில் அண்ணாவியார் மத்தளத்தோடு நின்றார், பக்கத்தில் தாளக்காரர், பின்னால் பிற்பாட்டுக்காரர். அவர்களுக்கு மேலே மூங்கில் கட்டி, ஆள் உயரத்துக்கு மேல் ஒற்றை மைக். பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்றை வெளிப்பக்கம் திருப்பி மரத்தில் கட்டியிருந்தார்கள், கிட்ட இருக்கிற சனத்துக்கு அது தேவையே இல்லை, தூர வீட்டுக்காரருக்காக. ஆட்டக்காரன் ஒரு வரி பாடுவான், அந்தப் பக்கத்துச் சனத்துக்கு நேரே கேட்கும். பிற்பாட்டுக்காரர் அதையே வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், மற்ற மூன்று பக்கத்துக்கும் கேட்கும். மைக் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறார்கள். பிற்பாட்டு எதற்கு என்று கேட்கிற இளம் ஆட்களுக்கு அன்று ஒரு இரவு போதும்.

கட்டியகாரன் வந்து சிரிப்புக் காட்டினான், துரியோதனன் கொலு வரவு முடிந்தது, பிறகு கர்ணன். அறுபதைத் தாண்டிய மனுசன். கிரீடத்துக் கண்ணாடித் துண்டெல்லாம் லைற்றில் மின்னியது. வரவு ஆட்டத்தில் அவர் வேகம் காட்டவில்லை. மற்றவர்கள் துள்ளிய இடத்தில் அவர் பாதத்தை வைத்துத் தேய்த்து, சதங்கையை ஒருமுறை மட்டும் உலுக்கி, நின்றார். மத்தளமும் அவரோடு நின்றது. குந்தி வந்து தாயென்று சொல்கிற இடத்தில் குரல் உடைந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, "ஐயோ இவன் குடுத்துருவான்டி, எல்லாத்தையும் குடுத்துருவான்" என்று மகளிடம் சொன்னார். கதை ஏற்கெனவே தெரிந்த அம்மாதான்.

காற்று விழுந்து, நிலம் குளிர்ந்த பிறகு சத்தம் இன்னும் நன்றாக வந்தது. பகலில் சுடுமண்ணுக்கு மேலே சத்தம் மேல்நோக்கி வளையும். இரவில் கீழ்க்காற்று குளிர்ந்து மேலே சூடாக இருந்தால் கீழ்நோக்கி வளைந்து தரையோடு ஓடும். கூத்தை இராத்திரியில் ஆடியதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்தக் காரணத்தை ஒலிபெருக்கிக்காரன் ஒருவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? முழு இரவும் ஆடவில்லை, நள்ளிரவுக்குப் பிறகு கொஞ்சத்தில் முடித்துவிட்டார்கள். சனம் எழும்ப மனமில்லாமல் இருந்தது. இஞ்சித் தேத்தண்ணி சுடச்சுடக் கிடைத்தது, பிளாஸ்ரிக் கப் இல்லாமல் கிளாஸில்.

கடைசி இரவு நகரத்து மைதானத்தில், பெரிய மேடை, பெரிய திரை. 2024 தையில் 1008 பானை வைத்துப் பொங்கி 1500 பேர் சேர்ந்து பரதம் ஆடிய ஊர் இது. பெரிய எண்ணிக்கைக்குப் பழகிவிட்டோம், சின்னதாக எதையும் முடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. பரிசளிப்பு, சான்றிதழ், நினைவுச்சின்னம், நன்றியுரை எல்லாம் நீண்டு நீண்டு, பறங்கியர் குழுவுக்கு மிஞ்சியது இருபது நிமிடம். எனக்கு வாரத்தில் வந்த ஒரே கோபம் இதுதான்.

பாலையூற்றுப் பக்கத்துப் பறங்கியர் குடும்பங்களைத் தெரியாதவர்கள் இளசுகளில் நிறைய. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டியதை நாங்கள் எல்லாரும் படித்திருக்கிறோம். அவர்களின் வழிவந்தவர்கள் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, கலந்துபோன அந்தப் பழைய போர்த்துக்கேய மொழியில் இன்னும் பாடுகிறார்கள் என்பதைப் பள்ளிக்கூடம் சொல்லித் தருவதில்லை. கஃப்ரிஞா என்ற அவர்களின் கல்யாண வீட்டு ஆட்டம்தான் நாங்கள் பஸ்ஸிலும் பயணத்திலும் பாடுகிற பைலாவுக்குத் தாய். அதே சிக்ஸ் எய்ட் (6/8) தாளம்.

ஒரு வயலின், ஒரு கித்தார், ஒரு கைமேளம், முன்னால் இரண்டு சோடி ஆட்டம். வயலின்காரர் வில்லைக் குட்டிக் குட்டியாக வெட்டி வெட்டி வாசித்தார், நீள இழுப்பு ஒன்றும் இல்லை. கால் தானாக ஆடும். அந்த வயலினுக்கு மைக்கைத் திறக்கவே செற்காரருக்கு ஒரு பாட்டு முழுதாகப் போனது. திறந்ததும் கூவியது. மூன்றாவது பாட்டில்தான் சரிவந்தது. நாலாவது பாட்டில் சனம் மணலில் இறங்கி ஆடத் தொடங்க, அறிவிப்பாளர் வந்து நேரம் முடிந்தது என்றார். பிறகு டீ.ஜே. ஒருவர் வந்து, நெஞ்சு அதிரும்படி ஒன்றரை மணித்தியாலம் போட்டார். மைதானத்துக்கு அடுத்த வீதியில் நோயாளி இருக்கிற வீடுகள் உண்டு. நான் எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் திரைக்குக் கொடுக்கிற வாடகையில் பாதியைக் குறைத்தால், ஒலி தெரிந்த ஒருவரை ஏழு இரவுக்கும் வைக்கலாம். பறங்கியர் குழுவுக்கு ஒரு முழு மாலை கொடுக்கலாம், மண்டபத்தில் வேண்டாம், ஒரு முற்றத்தில் போதும். பெண்களுக்கு மைதானத்தில் கழிவறை வசதி போதவே போதாது, அதையும் பார்க்கவேண்டும். அறிவிப்பு தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி வந்தது நல்ல விசயம், இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

மூதூர்ப் பக்கத்துக் கூத்துக் குழு தங்கள் கோயில் திருவிழாவுக்கு மறுபடி ஆடுவதாக அண்ணாவியார் சொன்னார். போகிறவர்கள் பாய் கொண்டுபோங்கள், கதிரையில் இருந்தால் களரி வடிவாகத் தெரியாது. கச்சான்காற்று வீசுகிற மாதமென்றால் களரிக்குக் கிழக்குப் பக்கம் பாயை விரியுங்கள், பாட்டு முழுக்க உங்களிடம் வரும். ஆடுகிறவர்கள் கிளப்புகிற புழுதியும் அந்தப் பக்கம்தான் வரும், ஒரு துவாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.